வேதாளத்துக்கு மூஞ்சி குடுத்தவர் பேரு என்ன?

மக்கா, இன்னிக்குப் பதிவு கொஞ்சம் காரம். வயித்தெரிச்சல்ல எழுதுறது, பொறுத்துக்கோங்க.

அம்புலிமாமா பத்தி யாராவது கொசுவத்தி சுத்தினாப் போதும், பின்னூட்டம் பிச்சிக்கிட்டுப் போகும். "ஆஹா, விக்கிரமாதித்தன்! முருங்கை மரம்! கையில உருவின வாள், தோள்ல பிணம், அந்தப் படம் இன்னும் கண்ணுலயே நிக்குது"ன்னு நாப்பது பேர் உருகுவாங்க. நடுவுல போய் "சரிங்க, அதை வரைஞ்சது யாரு?"ன்னு கேட்டுப் பாருங்க. கப்சிப். அதுக்கப்புறம் ஒரு ஸ்மைலி கூட விழாது.

அவர் பேரு கே.சி. சிவசங்கரன். படத்து மூலையில 'சங்கர்'. 1924-ல கொங்குப் பக்கத்துக் கிராமத்துல பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியில, தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வரா இருந்தப்போ படிச்சவர். முதல்ல கலைமகள்ல வேலை. 1952-ல அம்புலிமாமாவுக்கு வந்தார். அதுக்கப்புறம் அரை நூற்றாண்டுக்கும் மேல, மாசா மாசம், அரசனும் அரக்கனும் மந்திரவாதியும் பேயுமா வரைஞ்சு தள்ளினார்.

"அட, கதை நல்லாருந்துச்சு, அதனால படமும் நின்னுச்சு"ன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். அவங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. வடமொழி மூலத்துல வேதாளக் கதைகள் மொத்தம் 25. அம்புலிமாமாவுல அது பல பத்தாண்டு ஓடுச்சு. 25 கதையை வச்சு மாசம் ஒண்ணுன்னு ஓட்டினா ரெண்டு வருஷத்துல கடையைச் சாத்தியிருக்கணும். வேற எங்கெங்கிருந்தோ வந்த கதையெல்லாம் வேதாளம் வாயில திணிச்சுத்தான் ஓட்டினாங்க. தப்பில்ல, நல்ல யோசனைதான். ஆனா மாசா மாசம் சம்பந்தமில்லாம வந்த அத்தனை கதையையும் 'இது வேதாளக் கதை'ன்னு நம்மள நம்ப வச்சது எது? தொடக்கத்துல வர்ற நாலு வரியும், அந்தப் படமும். நாலு வரி மறந்துடுச்சு. படம் மறக்கல. நீங்களே பின்னூட்டத்துல குடுத்த வாக்குமூலம்தான் இது, நான் சொல்லல.

இன்னொண்ணு. 1947-ல தெலுங்கு, தமிழ்னு ஆரம்பிச்ச பத்திரிகை, அப்புறம் பத்துக்கும் மேற்பட்ட மொழியில வந்துச்சு. எழுத்து மொழிக்கு மொழி மாறும். படம் மாறாது. ஒடியாப் பையனும் மராத்திப் பொண்ணும் நம்ம ஊரு வாண்டும் பார்த்தது ஒரே வேதாளம். இத்தனை மொழிக் குழந்தைங்களுக்கும் பொதுவா இருந்த மனுஷன் பேரு நமக்குத் தெரியாது. வெட்கமா இல்ல?

"எழுத்தாளர் சொன்னதைத்தானே வரையுறாங்க"ன்னு அலட்சியமாப் பேசுறவங்க, ஒரு பேப்பரை எடுத்து வரைஞ்சு பாருங்க சாமிகளா. பிணத்தைத் தோள்ல போட்டு நடந்தான்னு எழுதிட்டுப் போயிடலாம். பிணம் எவ்ளோ கனம், எந்தப் பக்கம் சரியும், தூக்குறவன் கால் எப்படி ஊனும், அந்தக் கனத்தோட ராஜகம்பீரமும் எப்படி நிக்கும், எழுத்துல இதெல்லாம் இருக்காது. யாரும் பார்க்காத பேய்க்கு உடம்பு குடுக்கணும். குழந்தை பயப்படணும், ஆனா புத்தகத்தை மூடிடக் கூடாது. இந்த நூல்பிடிச்ச வேலை எழுதுறவரோடது இல்ல.

அதே கல்லூரியில, அதே ராய் சௌத்ரிகிட்ட படிச்ச கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார். பெரிய கலைஞர், மறுப்பே இல்ல. அவர் கலை வரலாற்றுல இருக்கார். சங்கர் மட்டும் 'பத்திரிகைக்குப் படம் போட்டவர்'. ஏன்? குழந்தைங்களுக்காக வரைஞ்சதாலயா? மாசச் சம்பளத்துக்கு வரைஞ்சதாலயா? சங்கருக்கே இந்தக் கதின்னா, தொடர்கதைகளுக்குப் பறக்கும் பூதமும் மாயத் தீவுமா வரைஞ்ச சித்ரா, அட்டைப்படம் போட்ட வட்டாதி பாப்பையா எல்லாம் எந்தக் கணக்கு?

பத்திரிகை 2007-ல கை மாறுச்சு, 2013 வாக்குல நின்னே போச்சு. சங்கர் 2020 செப்டம்பர்ல போயிட்டார். 2021 ஜனவரியில பத்மஸ்ரீ அறிவிச்சாங்க. நாலு மாசம் லேட்டுன்னு சிலர் சொன்னாங்க. நாப்பது வருஷம் லேட்டுங்க!

சட்டம் கூட நம்மள விடத் தெளிவா இருக்கு. 1957 பதிப்புரிமைச் சட்டம் 57-வது பிரிவைப் படிங்க. படைப்போட உரிமை வேறொருத்தர் கைக்குப் போனாலும், 'இது என் படைப்பு'ன்னு சொல்லிக்கிற உரிமை படைச்சவருக்குத்தான். நாம என்ன பண்றோம்? தேர்தல் வந்தா அந்த வேதாளம் படத்தை எடுத்து, தலையை வெட்டி, அரசியல்வாதி தலையை ஒட்டி நக்கல் பண்றோம். பண்ணுங்க, வேணாங்கல. கீழ ஒரு வரி 'மூலப்படம்: சங்கர்'னு போட்டா விரல் தேஞ்சிடுமா?

சிறுவர் புத்தகம் போடுற புண்ணியவான்களே, உங்களுக்கும்தான். எழுத்தாளர் பேரை அட்டையில கொட்டை எழுத்துல போட்டுட்டு, ஓவியர் பேரை உள்பக்கத்துல அச்சகம் விலாசத்துக்குக் கீழ எறும்பு சைஸ்ல போடாதீங்க. படிக்கத் தெரியாத குழந்தை அந்தப் புத்தகத்தைக் கையில எடுக்கிறதே படத்துக்காகத்தான். ரெண்டு பேரும் அட்டையில இருக்கணும், அம்புட்டுதான்.

வேதாளத்தோட நிபந்தனை ஞாபகம் இருக்குல்ல? விடை தெரிஞ்சும் வாயைத் திறக்கலைன்னா தலை சுக்குநூறாயிடும். இப்ப உங்களுக்கு விடை தெரியும்.

டிஸ்கி: "அருமை, பழைய ஞாபகம் வந்துடுச்சு"ன்னு மட்டும் பின்னூட்டம் போடுறவங்களுக்கு பதில் கிடையாது. உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு சிறுவர் பத்திரிகை ஓவியர் பேரையும், அவர் வரைஞ்ச ஒரு படத்தையும் சொல்லிட்டுப் போங்க.