தோனியை கேப்டன் போடலாமா?

ஐபிஎல் சீசன் வந்துவிட்டால் சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி போகும் லோக்கல் ரயிலில் ஒரு கேள்வி தவறாமல் காதில் விழும். "இன்னைக்கு கேப்டன் யாரைப் போட்ருக்க?" கேட்பவர் சென்னை அணியின் கேப்டனைப் பற்றிக் கேட்கவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவரின் செல்போனுக்குள் இருக்கும் பதினோரு பேரைப் பற்றிக் கேட்கிறார்.

ஃபேன்டஸி கிரிக்கெட் தெரியாத புண்ணியவான்களுக்கு ஒரு சின்ன விளக்கம். அன்று மோதும் இரண்டு அணிகளிலிருந்தும் ஆட்களைப் பொறுக்கி நீங்களே ஒரு டீம் போட வேண்டும். அவர்கள் நிஜ ஆட்டத்தில் எடுக்கும் ரன், விக்கெட், கேட்ச் எல்லாம் உங்கள் புள்ளிகள். கேப்டன் என்று குறித்தவருக்கு இரண்டு மடங்கு, துணை கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு. ஆக, டீம் போடுவதில் பாதி வேலை கேப்டனைக் குறிப்பதுதான். அங்கேதான் முக்கால்வாசிப் பேர் மூளையைக் கழற்றி வைத்துவிட்டு இதயத்தால் யோசிக்கிறார்கள்.

தோனியையே எடுத்துக்கொள்வோம் (ரசிகர்கள் அடிக்க வர வேண்டாம், கணக்கு மட்டும்தான்). 2024 சீசனில் அவர் 161 ரன் எடுத்தார். ஸ்ட்ரைக் ரேட் 220. மும்பையில் வந்து நான்கே பந்தில் 20 அடித்ததை மறக்க முடியுமா? இதை மட்டும் பார்த்தால் இவரை விட்டால் வேறு கேப்டனே கிடையாது. ஆனால் அந்த 161 ரன்னுக்கு அவர் சந்தித்த பந்துகள் மொத்தம் 73. ஆட்டங்கள் 14. சராசரியாக ஆட்டத்துக்கு ஐந்து பந்து! அதே சீசனில் ருதுராஜ் கெய்க்வாட் 583 ரன் எடுத்தார். அவருக்கு ஆட்டத்துக்கு சுமார் 30 பந்து கிடைத்தது. ஐந்து பந்தில் மனுஷன் எத்தனைதான் அடிப்பார்? 2024 மே 5 அன்று தர்மசாலாவில் ஒன்பதாவது ஆளாக இறங்கி முதல் பந்திலேயே போல்டு ஆனார். டக் அவுட்டுக்கு மைனஸ் புள்ளி உண்டு. கேப்டன் என்றால் அந்த மைனஸும் டபுள். கீப்பராகப் பிடிக்கும் கேட்சுக்குப் புள்ளி வருமே என்று சிலர் வாதாடுவார்கள். வரும்தான். அதற்காக டீமில் ஒரு இடம் தரலாம். கேப்டன் பதவி தர முடியாது.

அமெரிக்காவில் இதே விளையாட்டை அவர்கள் ஊர் புட்பாலை வைத்து ஆடுகிறார்கள். 1962லேயே ஓக்லாண்ட் அணிக்காரர் பில் விங்கன்பாக் என்பவரும் நண்பர்களும் சேர்ந்து ஆரம்பித்தது. அங்கே வாராவாரம் தலைவலி கொடுப்பவர்கள் வைட் ரிசீவர்கள், அதாவது ஓடிப்போய் பந்தைப் பிடிப்பவர்கள். இந்த வாரம் யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது? விவரமானவர்கள் அவர் எத்தனை முறை டச்டவுன் எடுத்தார் என்று முதலில் பார்ப்பதில்லை. எத்தனை முறை பந்து அவரை நோக்கி எறியப்பட்டது என்று பார்க்கிறார்கள். பந்தே வராதவர் எவ்வளவு வேகமாக ஓடி என்ன பயன்?

நம் ஊர் ஆட்டத்துக்கும் அதே கணக்குதான். ஒரு இன்னிங்ஸுக்கு 120 பந்து. அதில் பெரும்பங்கு முதல் மூன்று பேருக்குப் போகிறது. ஆளை விட இடம்தான் பேசும் என்பதற்கு சுனில் நரைனை விட நல்ல சாட்சி கிடையாது. 2023ல் கீழ்வரிசையில் கிடந்தார், ரன் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. 2024ல் கொல்கத்தா அவரைத் தொடக்க ஆட்டக்காரராக அனுப்பியது. 488 ரன், கூடவே 17 விக்கெட். ஒரே வருடத்தில் யாரும் புதிதாக பேட்டிங் கற்றுக்கொள்வதில்லை. மாறியது இறங்கும் இடம் மட்டும்தான். முதல் இரண்டு ஆட்டங்களிலேயே இதைக் கவனித்து அவரைக் கேப்டன் போட்டவர்கள்தான் இந்த விளையாட்டில் கெட்டிக்காரர்கள்.

இவ்வளவு கணக்குப் போட எல்லோருக்கும் நேரம் இருக்கிறதா? அமெரிக்கக்காரனுக்கு யோசிக்க ஒரு வாரம் இருக்கிறது. ஐபிஎல்லில் ராத்திரி ஆட்டத்துக்கு ஏழு மணிக்கு டாஸ், ஏழரைக்கு முதல் பந்து. யார் ஆடுகிறார்கள், யார் உட்காருகிறார்கள் என்பதே டாஸில்தான் தெரியும். சிப்காட்டில் இரண்டாவது ஷிப்ட் பார்ப்பவர் அந்த நேரத்தில் மெஷின் முன்னால் நிற்பார், போன் லாக்கரில் தூங்கும். மத்தியானமே டீமைப் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டியதுதான். வெளியே வந்து பார்த்தால் அவருடைய கேப்டன் ஆடவே இல்லை. ஏசி அறையில் டாஸ் பார்த்துவிட்டு இருபது டீம் போடுகிறவனோடு இவர் அதே போட்டியில் மோதினார், அதுவும் காசு கட்டி.

இதை 'திறமை விளையாட்டு' என்று பஞ்சாப் ஹரியானா உயர்நீதிமன்றம் 2017ல் சொன்னது. பொய்யில்லை, திறமை வேண்டும்தான். ஆனால் அந்தத் திறமை அறுபது எழுபது ஆட்டங்களில் மெல்ல மெல்லத் தெரியும், ஒரு ராத்திரியில் தெரியாது. காசோ ஒவ்வொரு ராத்திரியும் போனது. நிறுவனத்தின் பங்கு போக, 2023 அக்டோபரிலிருந்து கட்டிய பணத்துக்கு 28% ஜிஎஸ்டி போனது. தப்பித்தவறி ஜெயித்தால் நிகரத் தொகையில் 30% டிடிஎஸ் பிடித்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், ஆரம்பாக்கம் தாண்டி தடா போய்விட்டால் ஆந்திரா. அங்கே 2020லேயே காசு வைத்து ஆடத் தடை வந்துவிட்டது. கும்மிடிப்பூண்டியில் குடியிருந்து ஸ்ரீசிட்டியில் வேலை பார்த்தவருக்கு அப்போது வீட்டில் இருந்தால் திறமை, கம்பெனிக்குள் போனால் சூதாட்டம்!

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் கொண்டு வந்ததும் ட்ரீம்11 போன்ற நிறுவனங்கள் காசு வைத்த போட்டிகளை நிறுத்திவிட்டன. சிலருக்கு வருத்தம். சம்பள நாளை எதிர்பார்த்திருக்கும் வீட்டில் யாருக்கும் வருத்தம் இருந்திருக்காது. ஆட்டம் அதனால் செத்துவிடவில்லை. ஒரே லைனில் வேலை பார்க்கும் பத்து பேர் சேர்ந்து ஒரு நோட்டில் எழுதி சீசன் முழுக்க ஆடலாம். தோற்றவர் டீ வாங்கித் தரட்டும். டாஸுக்கு முன்பே டீம் பூட்ட வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டால் இரண்டாவது ஷிப்ட்காரரும் சமமாக நிற்பார்.

அப்படி டாஸுக்கு முன்னால் போடுகிறவர்களுக்கு: சாய் சுதர்சன் மாதிரி முதலில் இறங்குபவரைத் தேடுங்கள் (2025ல் 759 ரன், நம்ம சென்னைப் பையன்). நான்கு ஓவரையும் முழுசாகப் போடும் பவுலரைத் தேடுங்கள், பவர்பிளேயிலும் கடைசியிலும் போடுபவர் என்றால் இன்னும் நல்லது. 2023ல் இம்பாக்ட் பிளேயர் விதி வந்த பிறகு பாதி ஆட்டம் மட்டும் ஆடுபவர்கள் அதிகம், அவர்களைக் கொஞ்சம் யோசித்து எடுங்கள். பத்து பேரை இப்படிப் பொறுக்கிய பிறகு பதினோராவது இடத்தில் மனசுக்காக ஒரு தோனியைப் போட்டுக்கொள்ளலாம், யாரும் கேட்கப் போவதில்லை. கேப்டன் மட்டும் வேண்டாம் :-)