‘சர்வர் ஸ்லோ’ என்பது பதில் அல்ல

வங்கியிலும், மருந்துக் கடையிலும், கரண்ட் பில் கட்டும் இடத்திலும் நாம் கேட்டுக் கேட்டுச் சலித்த வாக்கியம் ஒன்று உண்டு: ‘சர்வர் ஸ்லோ, சார்.’ கேட்டதும் நம் வயதுக்காரர்கள் தலையாட்டிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு, நாளை வருகிறேன் என்று கிளம்பிவிடுகிறோம். மழை பெய்கிறது என்று சொன்னால் எப்படி ஏற்றுக்கொள்வோமோ அப்படி ஏற்றுக்கொள்கிறோம். சர்வர் மெதுவாவது இயற்கைச் சீற்றம் அல்ல. அதற்குக் காரணம் உண்டு. காரணத்தைக் கண்டுபிடிக்க வழியும் உண்டு. அதைத் தேடாமல் ‘பெரிய மிஷின் வாங்க அனுமதி தேவை’ என்று குறிப்பு எழுதுகிறவர்களோடுதான் இன்று எனக்குச் சண்டை.

‘குமாஸ்தா வேலை பார்த்தவருக்குக் கணினிக்குள் என்ன வேலை?’ என்று கேட்பீர்கள். விஷயம் வரிசை பற்றியது ஐயா. முப்பது வருடத்துக்கு மேல் வரிசைக்கு எதிர்ப்பக்கம் மேஜை போட்டு உட்கார்ந்தவன் நான். எனக்கு இல்லாத தகுதி வேறு யாருக்கு?

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். ‘க்யூ’ என்ற சொல்லை இங்கிலீஷ்காரர்கள் பிரெஞ்சிலிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். பிரெஞ்சில் அதன் முதல் பொருள் வால். மாட்டுக்கும் க்யூ உண்டு, சினிமாக் கொட்டகை வாசலிலும் க்யூ உண்டு. மாடு எங்கே நிற்கிறது என்று தெரியாமல் வாலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன பயன்? இன்றைக்குக் கணினி நிர்வாகம் செய்கிறவர்கள் பலர் அந்த வாலைக்கூடப் பார்ப்பதில்லை. சராசரியைப் பார்க்கிறார்கள்.

முதலில் விஷயத்தை விளக்கிவிடுகிறேன். மருந்துக் கடையில் பில் போட்டதும் உங்கள் செல்போனுக்கு ஒரு செய்தி வருகிறதே, அது பில் போட்ட கணினியிலிருந்து நேராகப் பறந்து வருவதில்லை. நடுவில் ஒரு தபால் பிரிவு இருக்கிறது. வருகிற செய்திகளை வாங்கி, வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும் மென்பொருள் அது. ‘மெசேஜ் க்யூ’ என்கிறார்கள். அதில் பிரபலமான ஒன்று ரேபிட்எம்க்யூ. 2007இல் வந்தது. பெரும்பாலும் லினக்ஸ் கணினிகளில் ஓடுகிறது. அது எழுதப்பட்டிருக்கும் மொழியின் பெயர் எர்லாங். ஸ்வீடனின் எரிக்சன் தொலைபேசிக் கம்பெனியில் பிறந்த மொழி. அந்தப் பெயருக்கு உரியவர் அக்னர் எர்லாங் என்ற டென்மார்க் கணித நிபுணர். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் உத்தியோகம் பார்த்தவர். எத்தனை பேர் பேசினால் எத்தனை லைன் வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று 1909 முதலே கணக்குப் போட்டு வெளியிட்டவர். காத்திருப்பதற்கும் கணக்கு உண்டு என்று அவர் சொல்லி நூறு வருடம் தாண்டிவிட்டது. நம்மவர்கள் இன்னும் ‘ஸ்லோ சார்’ என்கிறார்கள்.

அடுத்தது, கோர். இன்றைய கணினியின் மூளைக்குள் ஒரு ஆள் இல்லை. நான்கு, எட்டு, பதினாறு ஆட்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு கோர்.

என் தங்கை பேரன் சென்னையில் ஒரு சிறிய கம்பெனியில் இருக்கிறான். பல கடைகளின் செய்திகளை வாடிக்கையாளர்களுக்கு அனுப்புவதுதான் அவர்கள் தொழில். சாயங்காலம் ஆனால் செய்திகள் இருபது நிமிடம் தாமதம். எட்டு கோர் மிஷின் போதவில்லை, பதினாறு கோர் வாங்கலாம் என்று மேலதிகாரி முடிவு கட்டிவிட்டாராம். பையன் பொங்கலுக்கு இங்கே வந்திருந்தபோது திரையைக் காட்டினான். கணினியின் மொத்த உபயோகம் 15 சதவீதம் என்று இருந்தது. ‘ஏம்ப்பா, நூற்றில் எண்பத்தைந்து பங்கு சும்மா கிடக்கிறதே, எதற்கு இன்னொன்று?’ என்றேன். ‘அதுதான் தாத்தா யாருக்கும் புரியலை’ என்றான்.

புரியாமல் என்ன? நான் வேலை பார்த்த அலுவலகம் ஒன்றில், பெயர் வேண்டாம், இதே கூத்து நடந்தது. பிரிவில் ஐந்து எழுத்தர்கள். மாதாந்திர நிலுவை அறிக்கையில் ஆளுக்குச் சராசரி 40 கோப்பு என்று போகும். பார்ப்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கும். உண்மையில் நான்கு பேரிடம் பத்துப் பத்துக் கோப்பு. மனைப்பட்டா பார்த்த ஒருவர் மேஜையில் மட்டும் 160. மனுக் கொடுத்தவர்கள் எல்லோரும் அந்த ஒரு மேஜைக்கு முன்னால் நிற்பார்கள். அதிகாரி என்ன செய்தார்? ஆள் போதவில்லை என்று மேலே எழுதினார். ஆறாவது ஆள் வந்தார். அவருக்கு ‘இதர இனங்கள்’ ஒதுக்கப்பட்டது. அடுத்த மாத அறிக்கையில் சராசரி நிலுவை 33 ஆகக் குறைந்தது! ஒரு கோப்புகூட நகரவில்லை, வாசலில் நின்ற ஒரு கிழவிக்கும் பட்டா கிடைக்கவில்லை, ஆனால் அறிக்கையில் முன்னேற்றம். சராசரியைப் போல ஒரு பொய்சாட்சியை எந்தக் கோர்ட்டிலும் பார்க்க முடியாது.

கணினியிலும் அதே கணக்குதான். எட்டு கோரில் ஒன்று முழுக்க மூச்சு முட்ட ஓடினால் சராசரி 12.5 சதவீதம். மற்ற சில்லறை வேலைகளோடு சேர்த்து 15. பதினாறு கோர் வாங்கினால் அது ஏழரை ஆகும். செய்தி அதே இருபது நிமிடம் தாமதமாகத்தான் வரும்.

கண்டுபிடிப்பது கஷ்டமா? இல்லை. லினக்ஸில் ‘டாப்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதை ஓடவிட்டு 1 என்ற எண்ணை அழுத்தினால், மொத்தச் சராசரி மறைந்து, ஒவ்வொரு கோரும் தனித்தனி வரியாக வந்துவிடும். பையன் அழுத்தினான். ஏழு பேர் திண்ணையில், ஒருவர் மட்டும் நூறு. இன்னும் உள்ளே போக வேண்டுமானால் பெரிய ஹெச் எழுத்தை அழுத்தினால் எந்த இழை வேலை செய்கிறது என்று காட்டும். சில சமயம் சூடு ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாறும். ஆனால் எந்த நொடியில் பார்த்தாலும் கொதிப்பது ஒன்றுதான். அப்படி இருந்தால் வேலை ஒரே கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

அது யாருடைய கை? ரேபிட்எம்க்யூவில் ஒவ்வொரு வரிசையையும் பார்த்துக்கொள்வது எர்லாங்கின் ஒரே ஒரு குட்டிச் செயலி. ஒரு நேரத்தில் அது ஒரு கோரில்தான் ஓட முடியும். வரிசையில் முதலில் வந்தது முதலில் போக வேண்டும் அல்லவா? இரண்டு பேர் ஒரே கட்டிலிருந்து இரண்டு பக்கமும் உருவினால் வரிசை என்னாவது? பையன் கம்பெனியில் எல்லாக் கடைகளின் எல்லாச் செய்திகளையும் ஒரே வரிசையில் கொட்டியிருந்தார்கள். மிஷினில் எட்டுப் பேர், வரிசை ஒன்று. அந்த ஒருவரால் முடியாமல் போகும்போது, செய்தி அனுப்புகிறவர்களையே மென்பொருள் தடுத்து நிறுத்தி மெதுவாக்கும். நிர்வாகத் திரையில் அந்த இணைப்புகளுக்கு எதிரே ‘ஃப்ளோ’ என்று எழுதியே காட்டும். இத்தனை வெளிப்படையாக எழுதி வைத்தும் படிக்காமல் கொட்டேஷன் வாங்கப் போனால் அதற்கு என்ன பெயர்?

‘புரோகிராமர் சம்பளத்தைவிட மிஷின் மலிவு, பெரிசாக வாங்கிப் போட்டுவிடுவதே லாபம்’ என்று சொல்கிறவர்கள் உண்டு. வேகமான கோர் வாங்கினால் கொஞ்சம் பலன் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். எண்ணிக்கையைக் கூட்டினால் இல்லை. ஜீன் அம்டால் என்ற அமெரிக்கர் 1967இலேயே இதை முன்வைத்தார். வேலையில் பாதி, ஒன்றன்பின் ஒன்றாக மட்டுமே செய்யக்கூடியது என்றால், ஆயிரம் கோர் வாங்கினாலும் வேகம் இரண்டு மடங்கைத் தாண்டாது. ஒரு ஆள் வேலையை நூறு பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தால் அது சீக்கிரம் முடியுமா?

எதிர்க்கட்சியில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களையும் விடுவதாக இல்லை. எல்லாக் கோரும் சமமாக ஓட வேண்டும், கோடு கோணினால் வியாதி என்று அடம் பிடிப்பவர்கள். எர்லாங்கில் வேலை குறைவாக இருக்கும் நேரத்தில் இருக்கிற வேலையைச் சில ஆட்களிடமே ஒதுக்கி, மற்றவர்களை ஓய்வாக விட்டுவிடுவார்கள். அப்படித்தான் அதை அமைத்தே இருக்கிறார்கள். மதியம் கூட்டமில்லாதபோது ஒரே கவுண்டரைத் திறந்து வைப்பதில்லையா? அதுபோல. இன்னொன்றும் சொல்கிறேன். வேலையே இல்லாதபோதும் அடுத்த வேலை வருகிறதா என்று அந்த ஆட்கள் கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதுவும் திரையில் உழைப்பாகவே தெரியும். அதிகாரி வருகிற சத்தம் கேட்டதும் கோப்பைப் புரட்டுகிற ஆசாமிகளை எனக்கு நன்றாகத் தெரியும்!

ஆகவே ஏற்றத்தாழ்வு மட்டும் வியாதி அல்ல. ஒரு கோர் கொதிக்கும்போது வரிசையில் நிற்கும் செய்திகளும் ஏறிக்கொண்டே போகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்திருந்தால்தான் வியாதி. வரிசை காலியாக இருக்கிறது, கோர்கள் சமமாக இல்லை என்றால் பேசாமல் காபி சாப்பிடப் போங்கள். கொதிக்கும் கோரில் வேறு காரணமும் இருக்கலாம். அதே ‘டாப்’ திரையில் சின்னச் சின்ன எழுத்தில் கணக்குகள் இருக்கின்றன. ‘எஸ்ஐ’ ஏறினால் நெட்வொர்க் அட்டையின் கதவு தட்டல்கள் அந்த ஒரு கோர் தலையில் விழுகின்றன. ‘எஸ்டி’ ஏறினால் வாடகை மிஷினில் பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் பங்கை எடுத்துக்கொள்கிறார். ‘டபிள்யூஏ’ ஏறினால் தட்டச்சரைக் குறை சொல்லாதீர்கள், பேப்பர் இன்னும் வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாகப் புது மிஷின் எழுதிக் கொடுப்பவரை டாக்டர் என்று சொல்ல மாட்டோம், மருந்துக் கம்பெனி ஏஜென்ட் என்போம்.

சரி, ஒரே வரிசை என்று தெரிந்துவிட்டது. என்ன செய்வது? இங்கேதான் உண்மையான கேள்வி வருகிறது. யாருக்கு யார் முன்னால் போக வேண்டும்? கணினிக்குப் பிரெஞ்சில் ‘ஒர்தினாத்தர்’ என்று பெயர். 1955இல் ஐபிஎம் கம்பெனி கேட்டதற்காக ழாக் பெர்ரே என்ற லத்தீன் பேராசிரியர் கொடுத்த பெயர். ஒழுங்குபடுத்துகிறவர் என்று பொருள். உலகை ஒழுங்குபடுத்தும் கடவுளுக்குச் சொன்ன பழைய சொல் அது. ஒழுங்குக்கு விலை உண்டு, அந்த விலை ஒரே கையில் வேலை சேர்வது. எனவே தேவையில்லாத ஒழுங்கைக் கேட்கக் கூடாது. முத்தியால்பேட்டைக்காரருக்கு வரும் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போக வேண்டும், நியாயம். அவர் செய்தி நெல்லித்தோப்புக்காரர் செய்திக்குப் பின்னால்தான் போக வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

எங்கள் அலுவலகத்திலும் கடைசியில் பிரச்சினையைத் தீர்த்தது ஆறாவது ஆள் அல்ல. புதிதாக வந்த சூப்பரிண்டெண்டென்ட் மனைப்பட்டா மனுக்களைக் கொம்யூன் வாரியாகப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தார். ‘மனு வந்த வரிசை கெட்டுப்போகுமே’ என்று ஆட்சேபம் எழுந்தது. ‘ஒரு கொம்யூனுக்குள் வரிசை கெடாது, அது போதும்’ என்றார். கணினியிலும் அதே வைத்தியம் தயாராக இருக்கிறது. வாடிக்கையாளர் எண்ணை வைத்துப் பல வரிசைகளாகப் பிரித்துவிடலாம். ஒருவருடைய செய்திகள் எப்போதும் ஒரே வரிசையில் விழும். வரிசைகள் பலவாகும்போது ஆட்களும் பலராவார்கள். பையன் கம்பெனியில் அப்படியே எட்டாகப் பிரித்தார்கள். பழைய மிஷின்தான். தாமதம் போயிற்று. பிரிக்கும்போதும் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். பெரிய கடை ஒன்றே பாதிச் செய்தி அனுப்புகிறது என்று வையுங்கள். கடை எண்ணை வைத்துப் பிரித்தால் மறுபடியும் ஒரு மேஜையில் மலை குவியும்.

இதில் நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். வங்கி ரகசிய எண் நேரம் முடிந்த பிறகு வந்து சேர்ந்ததால் திரும்பி வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? தாமதத்துக்குக் காரணங்கள் பல. ஆனால் காரணமே தேடாமல் நம்மைத் திருப்பி அனுப்புவது அலட்சியம். நடக்க முடியாத ஒருவர் ஆட்டோவுக்குக் காசு கொடுத்து இரண்டாவது முறை வருகிறார். எந்த அறிக்கையின் எந்தச் சராசரியிலும் அந்தக் காசு ஏறுவதில்லை.

அதனால் நண்பர்களே, உங்கள் பிள்ளைகளும் பேரன்களும் இந்தத் தொழிலில் இருந்தால் அவர்களிடம் கேளுங்கள்: எந்த வரிசை நிற்கிறது? அதை யார் கையில் விட்டிருக்கிறாய்? இத்தனை பேரை ஒருவர் பின்னால் ஒருவராக நிறுத்த வேண்டிய அவசியம் என்ன? மூன்றுக்கும் பதில் சொன்ன பிறகு மிஷின் வாங்கட்டும், யார் வேண்டாம் என்றது? பதில் சொல்லாமல் சராசரியைக் காட்டினால், அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்து, ‘விவரத்துடன் மீண்டும் சமர்ப்பிக்கவும்’ என்று எழுதி அனுப்புங்கள்.