அரை ஸ்பூன் உப்பு

போன மாதம் ஒரு நாள் இரவு பத்து மணி இருக்கும். கதவைத் தட்டும் சத்தம். திறந்தால், எதிர்வீட்டு மருமகள் ஒன்றரை வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

"பெரியம்மா, காலையிலிருந்து எட்டு தடவை தண்ணியாப் போயிட்டான்."

"குடிக்க என்ன கொடுத்தே?"

"ஒண்ணும் கொடுக்கலை. தண்ணி கொடுத்தா இன்னும் போகும்னு அத்தை சொன்னாங்க."

எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. 1984-இல் நானும் இதே தப்பைச் செய்தவள்தானே!

என் மூத்தவனுக்கு அப்போது பத்து மாதம். ஒரு பகல் முழுக்கத் தண்ணீரே காட்டாமல் வைத்திருந்து, கண்கள் குழிவிழுந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் பார்த்துவிட்டு, "குடிக்கிற தெம்பு இருக்கு, வாய் வழியாவே கொடுக்கலாம்" என்றார். நர்ஸம்மா உப்புச் சர்க்கரைக் கரைசல் ஒரு டம்ளரும், ஒரு ஸ்பூனும் கொண்டுவந்து நீட்டினார்கள்.

"இதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்? பாட்டில் ஏத்துங்க!" என்று சண்டை போட்டேன்.

"நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன் கொடும்மா. விடியட்டும், பேசலாம்" என்றார்கள் அமைதியாக.

அழுதுகொண்டே கொடுத்தேன். விடியற்காலையில் பிள்ளை என் மடியை நனைத்தான். அன்றைக்கு அதைவிட நல்ல செய்தி எனக்கு வேறு ஏது?

நாகமானின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சீரிய நாட்டுப் படைத்தலைவன், குஷ்டரோகி. எலிசா தீர்க்கதரிசி அவனை யோர்தானில் ஏழுதரம் முழுகச் சொன்னபோது, "இவ்வளவுதானா?" என்று கோபித்துத் திரும்பிவிட்டான். பெரிய காரியம் ஒன்றைச் சொல்லியிருந்தால் செய்திருப்பீர்களே என்று வேலைக்காரர்கள்தான் எடுத்துச் சொன்னார்கள். அவனுக்கு முதலில் வழி காட்டியதும் வீட்டில் வேலை செய்த ஒரு சிறு பெண்தான். வேதத்தில் அவள் பெயர்கூட இல்லை! அந்த ஆஸ்பத்திரியில் நானும் ஒரு நாகமானாகத்தான் நின்றிருந்தேன்.

இந்தச் சின்ன வைத்தியத்தின் பின்னால் பெரிய விஞ்ஞானம் இருக்கிறது. நம் சிறுகுடலின் செல்களில் ஒரு வாசல் உண்டு. உப்பிலுள்ள சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் அது இரண்டையும் உள்ளே விடும்; அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போய்விடும். பேதியின்போதும் இந்த வாசல் வேலை செய்கிறது. 1960-இல் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி இதை எடுத்துச் சொன்னார்.

1971-இல் வங்காளதேச யுத்தத்தின்போது, மேற்கு வங்காளத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்கு சலைன் போதவில்லை. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் தண்ணீரில் கரைத்து, கூட இருந்த சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைத்தார். நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், அது நாலுக்கும் கீழே இறங்கியது! அவர் 2022-இல் காலமானார். அடுத்த ஆண்டு நம் அரசு பத்மவிபூஷண் அளித்தது.

அந்த வாசல் எப்படித் திறக்கிறது என்று படித்த பிறகு என் ஸ்தோத்திரம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. கடுகு விதையையும், ஒரு பையனின் ஐந்து அப்பத்தையும், விதவையின் இரண்டு காசையும் அற்பமாக எண்ணாத ஆண்டவர், அரை ஸ்பூன் உப்பிலும் ஒரு குழந்தையின் உயிரை வைத்திருக்கிறாரே!

சரி, சகோதரிகளே, குறித்துக்கொள்ளுங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்தான் உத்தமம், அதில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். அது கிடைக்கிறவரை, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து. கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, மறுபடி மெதுவாகக் கொடுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் கரைசலை வைக்காதீர்கள். தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். துத்தநாக மருந்தும் தருவார்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

பிள்ளை துவண்டு போனால், குடிக்க முடியாவிட்டால், கண் குழிவிழுந்தால், மலத்தில் ரத்தம் கண்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே பாட்டில் ஏற்ற வேண்டியும் வரலாம்.

எதிர்வீட்டுப் பிள்ளை அன்று தானாகவே ஸ்பூனுக்கு வாயைத் திறந்தான். என் அலமாரியில் இருந்த பாக்கெட்டைக் கரைத்து, இருவரும் மாறி மாறிக் கொடுத்தோம். காலையில் டாக்டரிடம் காட்டினார்கள், பயமில்லை என்றுவிட்டார்.

மறுநாள் அவளுடைய மாமியாரே ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலுமாக வந்தார்கள்.

"உப்பு எவ்வளவுன்னு இன்னொரு தரம் சொல்லுங்க. அடுக்களைச் சுவரிலே ஒட்டி வைக்கணும்."