தொழிலும் வேண்டும், சம்மதமும் வேண்டும்

எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள் உண்டு. தந்தையார் திருப்பூரில் பனியன் கம்பெனியொன்றில் கட்டிங் மாஸ்டர். அப்புச்சிக்கோ அன்னூர்ப் பக்கம் மூன்று ஏக்கர் தோட்டம். "நாலு கம்பெனி வந்தால்தான் பிள்ளைகளுக்கு வேலை" என்பார் தந்தையார். "பூமியைக் கொடுத்துப்போட்டு நான் எங்கே போறது கண்ணு?" என்பார் அப்புச்சி. இருவர் சொல்லிலும் நியாயம் இருப்பதனால்தான் இதனை எழுதத் துணிந்தேன்.

அன்னூர், மேட்டுப்பாளையம் வட்டங்களில் தொழிற்பூங்கா அமைக்க 3,800 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை எடுக்க 2021-இல் அரசு முனைந்தது. உழவர்கள் திரண்டு எதிர்த்தனர். தனியார் நிறுவனம் ஒன்றின் வசமுள்ள சுமார் 1,600 ஏக்கரையே பயன்படுத்துவதென்றும், உழவர் தாமாக விரும்பித் தந்தாலன்றி அவர்கள் நிலத்தை எடுப்பதில்லை என்றும் 2022 டிசம்பரில் அரசு அறிவித்தது. நல்ல முடிவே. ஆனால் அது அறிவிப்பு, சட்டம் அன்று. அடுத்த ஆண்டே செய்யாறு அருகே மேல்மாவில் சிப்காட் விரிவாக்கத்தை எதிர்த்தோரில் எழுவர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. அவர்களுள் அறுவர் மீதான ஆணையை அரசு சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது என்பது வேறு செய்தி.

சட்டம் என்ன சொல்கிறது? வெள்ளையர் காலத்து 1894-ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கி, 2013-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் வந்தது. எடுப்பதற்கு முன் சமூகத் தாக்கத்தை ஆராய வேண்டும். தனியார் நிறுவனத்திற்காக எடுப்பதாயின் நூற்றுக்கு 80 பேர் இசைய வேண்டும் என்றெல்லாம் அது விதித்தது. தமிழகத்திலோ தொழிலுக்கு நிலம் எடுக்க 1997-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் தனியே உள்ளது. அதற்கு இந்த நிபந்தனைகள் பொருந்தா என்று மாநிலம் திருத்தம் செய்தது. நில உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 2019 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு அரசு புதுச்சட்டம் இயற்றிப் பழையதற்கு உயிரூட்டியது. 2021 ஜூனில் உச்சநீதிமன்றம் அதனைச் செல்லும் என்றது. விளைவு என்ன? இழப்பீடு மத்தியச் சட்டப்படி கிடைக்கும். சம்மதம் கேட்கப்பட மாட்டாது.

விலைதான் கூடுதலாகக் கிடைக்கிறதே, பின் என்ன குறை என்பர் சிலர். பணம் பட்டாதாரருக்குக் கிடைக்கும். அந்தத் தோட்டத்தில் களை எடுத்தும் ஆடு மேய்த்தும் பிழைத்தவருக்கு என்ன கிடைக்கும்? இதைக் கேட்பதற்குத்தானே சமூகத் தாக்க ஆய்வு? அதை நீக்கிவிட்டால் கேட்பார் யார்?

நம் ஊரே இதற்குப் பாடம். திருப்பூரில் தொழில் செழித்ததற்குத் தோட்டத்தை விட்டு வந்து தறியும் தையலும் கற்ற உழவர் குடும்பங்கள் பெருங்காரணம். அவர்கள் விரும்பி வந்தார்கள், யாரும் விரட்டவில்லை. ஆனால் முன்கூட்டி ஆராயாமல் வளர்ந்ததன் விலையை நொய்யல் கொடுத்தது. பாசனத்திற்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாயிற்று. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, உழவரோடு தொழிலாளரும் தவித்தனர். அப்புச்சியின் அச்சம் வெறும் பிடிவாதம் அன்று.

சம்மதமின்றி எடுத்த நிலம் தொழிலுக்கும் உதவாது. மேற்கு வங்கத்துச் சிங்கூரில் கார்த் தொழிற்சாலைக்காக 997 ஏக்கர் எடுத்தார்கள். கிளர்ச்சி மூண்டது, 2008-இல் நிறுவனம் வெளியேறியது. 2016-இல் உச்சநீதிமன்றம் நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. ஆலையும் இல்லை, அத்தனை ஆண்டு விளைச்சலும் இல்லை.

ஆகவே நான் தொழிலுக்கு எதிரியல்லன். தந்தையார் ஊதியத்தில்தான் இக்கல்லூரியில் படிக்கிறேன். நான் வேண்டுவன இரண்டே: மாநிலச் சட்டத்திலும் உழவர் சம்மதமும் தாக்க ஆய்வும் கட்டாயமாக வேண்டும், பாசன நிலத்தில் கை வைக்குமுன், முன்பே எடுத்துப் பயன்படாமல் கிடக்கும் நிலம் உண்டா என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

நாளை நம்மில் சிலர் வருவாய்த் துறையில் அமர்வோம். சிலர் முதலாளி ஆவோம். நில எடுப்புக் கோப்பு மேசைக்கு வரும் நாளில், அதிலுள்ள ஒவ்வொரு சர்வே எண்ணுக்குப் பின்னும் ஒரு அப்புச்சி இருப்பதை மறவாதிருப்போம்.

— மூன்றாமாண்டு பொருளியல் மாணவர்