கடைசிக் குழாயில் குளோரின் இருக்கிறதா?

2019இல் அத்திவரதர் தரிசனம் நடந்த 48 நாட்களைக் காஞ்சிபுரத்துக்காரர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். லட்சக்கணக்கில் வந்துபோன கூட்டம் விட்டுச்சென்ற கழிவை அள்ளி, தெருவோரம் பிளீச்சிங் பவுடர் தூவிய கைகளை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? அந்த வெள்ளைத் தூள் எங்கிருந்து வந்தது? அதைத் தூவும் வேலை மட்டும் ஏன் தலைமுறை தலைமுறையாக ஒரே மக்களின் தலையில் விழுகிறது? இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

பிளீச்சிங் பவுடர் தண்ணீருக்காகப் பிறந்ததல்ல, துணிக்காகப் பிறந்தது. பருத்தித் துணியை வாரக்கணக்கில் வெயிலில் காயவைத்து வெளுத்த காலத்தில், 1799இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் சார்லஸ் டென்னன்ட் இதற்குக் காப்புரிமை பெற்றார். நம் ஊர்ப் பட்டுக்கு இது ஆகாது, நூலையே அரித்துவிடும். 1897இல் இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டோன் நகரில் டைபாய்டு பரவியபோது, குடிநீர்க் குழாய்களைச் சுத்தம் செய்ய இதே தூளைக் கரைத்து ஊற்றினார்கள். 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரம் தன் குடிநீரில் அன்றாடம் குளோரின் சேர்க்கத் தொடங்கியது. காலராவும் டைபாய்டும் பின்வாங்கியதில் இந்தக் குளோரினுக்குப் பெரும் பங்கு உண்டு.

தமிழ்நாட்டில் இந்தக் கதை மேட்டூரில் தொடங்குகிறது. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. அணையின் மின்சாரத்தை நம்பி, 1936இல் சேஷசாயி சகோதரர்களின் முயற்சியில் மேட்டூர் கெமிக்கல் அண்ட் இண்டஸ்ட்ரியல் கார்ப்பரேஷன் உருவானது. பின்னாளில் அது கெம்பிளாஸ்ட் சன்மார் நிறுவனத்தோடு இணைந்தது. இத்தகைய ஆலையின் வேலை எளிமையானது. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் காஸ்டிக் சோடாவும் குளோரினும் கிடைக்கும். குளோரினை நீற்றிய சுண்ணாம்பில் செலுத்தினால் பிளீச்சிங் பவுடர். உப்பு, மின்சாரம், சுண்ணாம்பு: இவ்வளவுதான் தண்ணீரைச் சுத்தமாக்கும் ரகசியம்.

ஆனால் நம் நாட்டில் தண்ணீரின் 'சுத்தம்' என்பதற்கு இன்னொரு பொருளும் இருந்தது. மேட்டூர் ஆலை தோன்றுவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1927 மார்ச் 20 அன்று, அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் மகாத் நகரின் சவுதார் குளத்துக்குச் சென்று தண்ணீர் அருந்தினார். குளம் தீட்டுப்பட்டுவிட்டதாகச் சொன்ன சாதி இந்துக்கள், சாணம், கோமியம், பால், தயிர் கலந்த 108 குடம் நீரை அதில் ஊற்றிச் 'சுத்தம்' செய்தார்கள். மனிதன் குடித்த குளத்தில் சாணத்தைக் கரைத்து, அதற்குச் சுத்தம் என்று பெயர் வைத்தார்கள். பத்தாண்டு வழக்குக்குப் பிறகு, 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அம்பேத்கர் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

இதற்கெல்லாம் முன்பே, 1924இல், பொதுச் சாலையும் பொதுக் கிணறும் குளமும் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று சென்னை சட்டசபையில் போராடியவர் இரட்டைமலை சீனிவாசன். அவர் பிறந்த கோழியாளம், காஞ்சிபுரமும் அடங்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர். அந்தக் குரல் நம் மண்ணிலிருந்து எழுந்தது என்பதை நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

குளோரினுக்குச் சாதி தெரியாது. எந்தத் தெருத் தண்ணீரில் கலந்தாலும் கிருமியைக் கொல்லும். சாதி தெரிந்தவர்கள் நாம்தான். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியலின மக்களின் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கிடந்தது. குழந்தைகளின் உடல்நலம் கெட்ட பிறகே அது தெரியவந்தது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை அதே சமூகத்தைச் சேர்ந்த மூவரைக் குற்றம்சாட்டியது. அவ்வூர் மக்களும் பல கட்சிகளும் அதை ஏற்கவில்லை. அந்த விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். ஊருக்கு ஒரு தொட்டி, சேரிக்கு ஒரு தொட்டி என்று இருப்பது ஏன்? இதைக் கேட்க எந்த விசாரணை முடிவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

ஒரே தொட்டி இருக்கும் ஊர்களிலும் கவனிக்க வேண்டியது உண்டு. ஆயிரம் லிட்டர் தெளிந்த நீருக்குத் தரமான பிளீச்சிங் பவுடர் சுமார் 2.5 கிராம் வேண்டும். பத்தாயிரம் லிட்டர் தொட்டிக்கு 25 கிராம். தூளைக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் விட வேண்டும். அரை மணி நேரமாவது கழித்தே நீரைத் திறக்க வேண்டும். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும். திறந்த மூட்டையில் ஈரம் பட்டுக் கிடக்கும் தூள் வீரியம் இழந்துவிடும். குழாய் நீள நீள குளோரினும் குறையும். பல ஊர்களில் குழாய் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் சேரி. அப்படியிருக்க, தொட்டியடியில் மட்டும் சோதித்துவிட்டுப் பதிவேட்டில் 'சரி' என்று எழுதினால், அது யாருக்குச் சரி?

அந்தத் தூளைக் கையாளும் டேங்க் ஆபரேட்டரும் தூய்மைப் பணியாளரும் பெரும்பாலும் நம் மக்கள். 1915இல் ஈப்ர போர்க்களத்தில் படைவீரர்களைக் கொன்றது இதே குளோரின் வாயுதான். கழிப்பறை கழுவும்போது பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் அந்த வாயு கிளம்பும், மூச்சுக்குழல் எரியும். இதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது யார்? வெறுங்கையால் தூளை அள்ளுபவருக்குக் கையுறையும் முகக்கவசமும் கேட்டால், 'பழகிப் போச்சு' என்ற பதில் வருகிறது. தோல் வெந்துபோவதற்குப் பழக்கம் என்று பெயரா?

உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்று கிராம சபை கூடுகிறது. மகாத் நினைவு நாளுக்கு இரண்டு நாள் கழித்து வரும் தேதி அது. படித்த பிள்ளைகள் அன்று மூன்றே கேள்விகள் கேளுங்கள். சேரியின் கடைசிக் குழாயில் குளோரின் அளவு என்ன? நம் எதிரிலேயே சோதித்துக் காட்ட முடியுமா? தூள் கலக்குபவருக்குக் கையுறை, முகக்கவசம், நிரந்தரச் சம்பளம் எப்போது? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

தண்ணீரைச் சுத்தமாக்கும் தூளைத் தொழிற்சாலை செய்து தந்துவிடும். அது கடைசி வீடு வரை போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது நம் வேலை.