கடல் கடந்தோர் எழுதும் கடிதங்கள்

நம் கல்லூரியின் பழைய மாணவருட் கடல் கடவாதவர் இன்று சிலரே. இலண்டனிலும் தொறன்ரோவிலும் சிட்னியிலும் பாலைநிலத்து எண்ணெய் நகரங்களிலும் நம்மவர் இருக்கின்றனர். விழா மலருக்கு ஏதேனும் எழுதித் தருக என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, அவர்களுட் பலரைப் போலவே நானும் ஒரு காலத்திற் செய்த பிழையொன்றைப் பற்றி எழுதலாமென எண்ணினேன். அன்று அது பிழையாகவே தோன்றவில்லை. முதன்முதலாக அயல்நாடு சென்ற ஆண்டில் வீட்டுக்கு நல்ல நல்ல கடிதங்களாக எழுதினேன் என்பதே அப்பிழை.

1978ஆம் ஆண்டில் வளைகுடா நாடொன்றுக்குக் கட்டடப் படவரைஞனாகப் போனேன். அதற்கு முன் கொழும்புக்கு அப்பால் எங்கும் போனதில்லை. போய்ச் சேர்ந்த பத்தாம் நாள் தந்தையாருக்கு எழுதிய நீலநிற வான்கடிதம் இப்பொழுது என் மேசைமேற் கிடக்கிறது. வழக்கம்போல நலம், நலமறிய அவா என்று தொடங்கி, அறைக்குக் குளிரூட்டும் இயந்திரம் பொருத்தியிருக்கிறார்கள் என்றும், மூன்று வேளையும் சாப்பாடு கிடைக்கிறது என்றும், உடனிருப்போர் நல்லவர் என்றும், ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறேன். இவற்றுள் ஒரு வாக்கியமேனும் பொய்யன்று. இயந்திரம் இருந்தது, அவ்வறையில் எட்டுப் பேர் படுத்திருந்தோம் என்பதை எழுதவில்லை. சாப்பாடு கிடைத்தது, அது என்ன சாப்பாடு என்பதை எழுதவில்லை. ஒப்பந்தத்திற் கண்ட சம்பளத்தில் மூன்றிலொரு பங்கு குறைத்துத்தான் கையிற் கொடுத்தார்கள். கடவுச்சீட்டை முதல் நாளே வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். முதல் நான்கு மாதச் சம்பளமும் என்னை அனுப்பிவைத்த முகவருக்கே போய்ச் சேரும். இவை ஒன்றையும் எழுதவில்லை.

அக்கடிதம் வந்த நாளில் நடந்ததைப் பின்னர் என் தங்கை சொல்லக் கேட்டேன். தந்தையார் விறாந்தையிற் சாய்மனைக் கதிரையில் இருந்து உரக்க வாசித்தாராம். அயலவர் நால்வர் ஐவர் கூடியிருந்தனர். குசினி வாயிலில் நின்று கேட்ட தாயார் ஒரேயொரு கேள்விதான் கேட்டாராம்: "சாப்பாடு கிடைக்குது எண்டு எழுதியிருக்கிறான், என்ன கறி எண்டு எழுதேல்லையே?" அதற்கு ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை. எழுத்து வாசனை மிகுதியும் இல்லாத அப்பெண்மணி கண்டுகொண்டதை விறாந்தையில் இருந்த படித்தவர் எவரும் கண்டுகொள்ளவில்லை.

கடிதம் வாசித்ததைக் கேட்டிருந்தோருள் ஒருவன், கல்லூரியில் எனக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவன். மூதூருக்குத் தெற்கே இலங்கைத்துறைப் பக்கத்தவன். நகரில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்தான். கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்த் தன் தாய்க்கு வாசித்துக் காட்டினான். அவர்களுக்கிருந்த வயற்காணி ஈட்டுக்குப் போயிற்று. எட்டாம் மாதம் அவன் என் அறை வாசலில் வந்து நின்றபோது, சட்டைப் பையிலிருந்து அந்த நீலத் தாளை எடுத்து நீட்டினான். கோபித்தவனாக அல்லன், முகவரி அதில் இருந்தபடியால் வழிகாட்டியாகக் கொண்டு வந்தான். "அண்ணை, இதிலை இருக்கிறது இந்த இடந்தானே?" என்று கேட்டான். எட்டுக் கட்டில்களையும் பார்த்துவிட்டுத்தான் கேட்டான்.

ஒன்பதாவது பாயை விரித்துச் சில மாதம் எங்களோடு இருந்தான். பிறகு வேலையில்லாமல் நாடு திரும்பினான். காணி மீளவில்லை. அதன்பின் எத்தனையோ தடவை கண்டு பேசியிருக்கிறோம். அக்கடிதத்தைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

நிற்க. பெற்றோர் மனம் நோகலாகாது என்பதற்காகவன்றோ அவ்வாறு எழுதுகிறோம், அதிற் குற்றம் என்ன என்று அன்பர் சிலர் கேட்பர். நானும் நெடுநாள் அவ்வாறே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் நம் ஊர்களில் வெளிநாட்டுக் கடிதம் என்றுமே தாய்க்கும் பிள்ளைக்கும் இடையிலான பொருளாக இருந்ததில்லை. தபாற்காரன் படலையடியில் மணியடிக்கும்போதே அது தெருவுக்குச் சொந்தமாகிவிடும். மூத்தவன் கப்பலேறிவிட்டான் என்ற பெருமையையும், கரைசேர வேண்டிய தங்கையையும், கடன் தந்தவர் முகத்தையும் நினைந்து, நாம் தெருவுக்கே எழுதினோம். தாயின் மனத்தைக் காப்பதாகச் சொல்லி நம் மதிப்பையே காத்துக்கொண்டோம். தாயோ என்ன கறி என்று கேட்டு, உண்மையை அன்றே அறிந்துகொண்டாள்.

இதற்கு நேர்மாறாக எழுதிய ஒருவர் உண்டு. சுவாமி விவேகானந்தர் 1893 மே 31ஆம் நாள் பம்பாயிற் கப்பலேறினார். சிக்காகோவில் அவர் பேசிய பேச்சை நம் மாணவர் அனைவரும் அறிவர். அப்பேச்சுக்கு முந்திய மாதங்களில் அவர் சென்னைக்கு எழுதிய கடிதங்களை வாசித்தவர் எத்தனை பேர் என்பது ஐயமே. ஆசிரியத் தொழில் செய்துகொண்டு வீடு வீடாகச் சென்று அவருடைய பயணத்துக்குப் பணம் திரட்டியவர் அளசிங்கப் பெருமாள். அவருக்கும் சென்னை நண்பர்க்கும் யூலை 10ஆம் நாள் யோக்ககாமாவிலிருந்து சுவாமிகள் எழுதிய கடிதத்தில், கொழும்பில் ஒரு பகல் கப்பல் நின்றதும், பினாங்கும் சிங்கப்பூரும் ஒங்கொங்கும் கண்டதும், சீனத் தாய் முதுகிற் குழந்தையைக் கட்டிக்கொண்டு வேலை செய்வதும், யப்பானியரின் துப்புரவும் வருகின்றன. புதிய நாட்டைக் கண்ணாரக் கண்ட களிப்பு அதிற் பொங்குகிறது.

ஓகத்து 20ஆம் நாள் அமெரிக்காவிலிருந்து எழுதியதோ வேறுவகைக் கடிதம். நீங்கள் நோட்டாக 170 பவுணும் காசாக 9 பவுணும் தந்தீர்கள்; அது 130 ஆகிவிட்டது; நாளொன்றுக்கு ஒரு பவுண் செலவாகிறது; ஒரு சுருட்டின் விலை நம் காசில் எட்டணா என்று கணக்குக் காட்டுகிறார். குளிருக்கேற்ற உடையில்லாமற் கப்பலிற் பட்ட துன்பத்தைச் சொல்கிறார். தம் உடையைக் கண்டு தெருவில் மக்கள் கூவிப் பரிகசிப்பதை மறைக்கவில்லை. பொசுற்றன் நகரருகே ஒரு மூதாட்டியின் வீட்டில் தங்கியிருப்பதனால் தமக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண் மிச்சம் என்றும், அந்த அம்மையாருக்கோ இந்தியாவிலிருந்து வந்த விசித்திரப் பொருளொன்றை நண்பர்க்குக் காட்டும் இலாபம் என்றும் எழுதுகிறார். நகைச்சுவையும் வேதனையும் ஒன்றாய்க் கலந்த வரி அது. என்னை இங்கே வைத்திருக்க உங்களால் இயலாவிடில் நாடு திரும்பவாவது பணம் அனுப்புங்கள் என்றும் கேட்கிறார். சர்வமத மகாசபை தொடங்க அப்பொழுது மூன்று கிழமையே இருந்தது.

துறவிக்குத் தங்கையும் இல்லை, கடன்காரரும் இல்லை; ஆகையால் உண்மை எழுதுவது எளிது என்று சொல்லலாம். அது முழுதும் சரியன்று. அவரை நம்பிப் பணம் திரட்டிய நண்பர் முன் மதிப்பிழக்கும் அச்சம் எவருக்கும் உண்டு. எனினும் சுருட்டின் விலையைக்கூட அவர் எழுதினார். விலையும் எண்ணிக்கையும் எழுதப்பட்ட கடிதத்திற் பொய் புகுவது கடினம். என் தாயார் கேட்ட கேள்வியும் அவ்வகைக் கேள்வியே.

நம் துறைக்கு வந்தோர் தத்தம் வீட்டாருக்கு என்ன எழுதினர் என்பதும் நினைக்கத்தக்கது. நகரிலுள்ள பழைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்தில் கடற்படைத் தளபதி சாள்சு ஒசுற்றின் என்பவரின் கல்லறை இருக்கிறது. 1852 ஒக்ரோபரில் பர்மாவின் ஐராவதி நதியில் நோயால் இறந்த இவரை இங்கு கொணர்ந்து அடக்கம் செய்தனர். இவர் நாவலாசிரியை யேன் ஒசுற்றினின் தம்பி. இளம் வயதிற் கடலோடிப் பெற்ற பரிசுப் பணத்தில் இரு தமக்கையர்க்கும் புட்பராகச் சிலுவைகள் வாங்கியதை யேன் அம்மையார் 1801ஆம் ஆண்டுக் கடிதமொன்றிற் செல்லமாகக் கடிந்து எழுதியிருக்கிறார். பின்னாளில் அவர் எழுதிய நாவலொன்றில், மாலுமித் தம்பி ஒருவன் தமக்கைக்குச் சிலுவை கொணர்ந்து கொடுக்கிறான். அல்ல, அந்நாவலில் அவன் அண்ணன். கதைக்காக முறை மாறியது. யேன் அம்மையார் எழுதிய கடிதங்களுள் இன்று எஞ்சியவை ஏறத்தாழ 160. மிகப் பலவற்றை அவருடைய தமக்கை கசன்றா எரித்துவிட்டார். சிலவற்றிற் சில பகுதிகளை வெட்டி எடுத்துவிட்டார். இலக்கிய அன்பர் இன்றுவரை அதற்காக அவரை நொந்துகொள்கின்றனர். நாமோ எழுதுமுன்னரே வெட்டி எடுத்துவிடுகிறோம். நம்மை எவர் நொந்துகொள்வர்?

குடாவின் எதிர்க்கரையில் நிகழ்ந்தது இதனினும் பழையது. 1660இல் உடைந்த பாய்மரத்தைச் செப்பனிடக் கொட்டியாரத்துக்கு வந்த ஆங்கிலக் கப்பலின் தலைவரையும் அவர் ஆட்களையும் கண்டி மன்னன் இராசசிங்கனின் வீரர் சிறைப்பிடித்தனர். கப்பலையும் கைப்பற்றக் கருதி, அதனை ஆற்றினுள் வரவழைக்கும்படி தலைவரை நெருக்கினர். கண்காணிப்பாரிடையே இருந்துகொண்டு மெய்யான செய்தியை அனுப்புவது எங்ஙனம்? தலைவர் தம் மகனையே தூதாக அனுப்பினார். திரும்பி வருவதாக அவனிடம் ஆணையும் பெற்றுக்கொண்டார். மகன் கப்பலிலுள்ளோரை எச்சரித்துவிட்டு, தப்பிப் போகக்கூடிய இடத்திலிருந்து தந்தையிடமே மீண்டான். அடுத்த ஆண்டிலேயே தந்தை இறந்தார். மகன் இறொபேட்டு நொக்சு பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் இந்நாட்டிலே சிறையிருந்து, 1679இல் அரிப்புக் கோட்டைக்குத் தப்பியோடி, 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலை நாம் இன்றும் வரலாற்றுச் சான்றாகக் கொள்கிறோம். நெல் விதைப்பதையும் உணவு சமைப்பதையும் வரி இறுப்பதையும் வேறொருவரும் எழுதாத அளவுக்கு விரிவாக எழுதியிருப்பதே அதற்குக் காரணம். என்ன கறி என்பதும் அதில் உண்டு.

இன்று கடிதம் எழுதுவார் இல்லை. ஒலிநாடாவிற் பேசி அனுப்பிய காலமும், போர்க்காலத்தில் தொலைபேசிக் கடைகளிற் காத்துக் கிடந்த காலமும் கழிந்து, இப்பொழுது கைத்தொலைபேசியில் முகம் பார்த்தே பேசுகிறோம். முகம் தெரிவதனால் உண்மையும் தெரிந்துவிடும் என்று நினைப்பது பேதைமை. அண்மையில் அயல்நாட்டிலிருந்து ஓர் இளைஞன் தாயோடு பேசும்போது அருகிருந்தேன். பூச்சுப் பூசிய ஒரு சுவரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பேசினான். தொலைபேசியை ஒரு முறையேனும் திருப்பவில்லை. அச்சுவரை நான் அறிவேன். 2012இல் நம் கீழைக்கரையிலிருந்து மீன்பிடி வள்ளங்களில் அவுத்திரேலியாவை நோக்கிப் போனோர் பலரும், முன் போனவர் சொன்ன நல்ல வார்த்தையை நம்பியே போயினர். 1978இல் எங்களுக்கு இல்லாத வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985 முதல் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. ஆயினும் பொருளாதாரம் நொடிந்த 2022ஆம் ஆண்டில் தொழில் தேடி நாட்டை விட்டுப் போன மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோருள், ஒப்பந்தத்தை வாசித்துப் போனவரிலும் உறவினன் சொல்லைக் கேட்டுப் போனவரே மிகுதி என்பது என் துணிபு.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நாம் படித்த காலத்திற் கடிதம் எழுதப் பழக்கியவர்கள், தொடக்கமும் முடிவும் வழுவின்றி அமைவதற்கே புள்ளி தந்தார்கள். நடுவில் எதை எழுதினாலும் ஏற்றுக்கொண்டார்கள். இனி, புதிய ஊருக்குப் போன ஒருவன் வீட்டுக்கு எழுதும் கடிதம் என்று பயிற்சி கொடுக்குமிடத்து, அறையில் எத்தனை பேர், இரவு என்ன உணவு, பாணின் விலை என்ன, கையில் மிஞ்சியது எவ்வளவு என்பவை இல்லாத கடிதத்துக்குப் புள்ளி கொடாதிருங்கள். நூலக மண்டபத்தில் ஓர் அலுமாரியை ஒதுக்கி, பழைய மாணவர் முதன்முதல் அயல்நாடு சென்ற ஆண்டில் எழுதிய கடிதங்களைத் திரட்டி வைக்கவும் வேண்டும். மெய்யுரைத்தவையும் வேண்டும், என்னுடையவை போன்றவையும் வேண்டும். பெயரை மறைத்துப் படி எடுத்து வைக்கலாம். புறப்படப் போகும் மாணவன் ஒரு பிற்பகல் அங்கிருந்து வாசித்துவிட்டுப் போகட்டும்.

தந்தையாரின் இரும்புப் பெட்டியில் என் கடிதங்கள் 43 இருந்தன. 1990ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தபோது வேறு பலவற்றை விட்டுவிட்டு அவற்றை என் தாயார் கையிற் கொண்டு போயிருக்கிறார். இலங்கைத்துறைத் தம்பி கொண்டு வந்த அந்த முதற் கடிதமும் அவற்றோடு இருக்கிறது. நாடு திரும்பியதும் அவன்தான் அதைத் தந்தையாரிடம் மீளக் கொடுத்தானாம். அவற்றைக் கல்லூரிக்குக் கொடுப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். கொடுக்குமுன், ஒவ்வொன்றோடும் ஒரு தாளை இணைத்து, அன்று எழுதாமல் விட்டதை நினைவில் உள்ளபடி எழுதி வருகிறேன். பதினேழு முடிந்திருக்கின்றன. முதற் கடிதத்துக்குரிய தாளில் முதல் வரி: இரவில் பருப்பும் உரொட்டியும், பகலிலும் அதுவே.