முதல் கோட் முக்கியம் பாஸ்!

கொலு பார்க்கில் வைக்க ஒரு குட்டி கிரிக்கெட் டீம் வாங்கினீங்க. ராத்திரி முழுக்க முழிச்சு நீங்களே கலர் அடிச்சீங்க. ஃப்ரெண்ட்ஸ்கிட்ட காட்டி செம கெத்தும் விட்டாச்சு. ரெண்டே வாரம்தான்... பேட்ஸ்மேன் மூக்கு உரிஞ்சு வெள்ளையா தெரியுது. விக்கெட் கீப்பரோட க்ளவுஸைத் தொட்டா, கலர் நகத்தோட கையில வருது. உடனே பெயின்ட் கம்பெனியைத் திட்டாதீங்க. அடியில் ப்ரைமர் அடிச்சீங்களா? அதை முதல்ல சொல்லுங்க!

வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வரும் அண்ணனைக் கவனிச்சிருக்கீங்களா? உப்புத்தாள் போட்டுச் சுவரைத் தேய்ப்பார். ப்ரைமர் அடிப்பார். அது காய்ந்த பிறகுதான் கலர் டப்பா மூடியையே திறப்பார். ரெண்டு இன்ச் உயர பொம்மைக்கும் அதே வரிசைதான்.

ப்ரைமர் செய்யும் வேலை ரொம்ப சிம்பிள். காய்ந்ததும் அது வழவழவென்று இருக்காது, லேசாகச் சொரசொரப்பாக நிற்கும். மேலே வரும் கலர் பிடித்துக்கொள்ள அதுதான் கொக்கி. பொம்மை முழுவதையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவந்துவிடுவதால், மேலே அடிக்கும் கலர் திட்டுத்திட்டாகவும் தெரியாது.

மலை எடுக்கும் பாடம்

நம்பிக்கை வரலையா? ஜவ்வாது மலைப் பக்கம் ஒரு டிரிப் போடுங்க. பீமன் நீர்வீழ்ச்சியில் குளிச்சுட்டு அப்படியே பஸ் ஏறிடாதீங்க. ப்ரைமர் பாடம் நடத்த அந்தப் பக்கம் ரெண்டு இடம் இருக்கு.

ஒண்ணு, ஆம்பூர் பக்கம் மலையாம்பட்டில் இருக்கும் ஆர்மாமலை குகை. 8-ம் நூற்றாண்டுச் சமண ஓவியங்கள் இருக்கும் இடம். கரடுமுரடான பாறை மேல நேரடியாக யாரும் தூரிகையை வைக்கவில்லை. சுண்ணாம்புச் சாந்து பூசி, தளத்தைச் சமமாக்கிய பிறகுதான் வரைந்திருக்கிறார்கள். சுமார் 1,200 வருஷம் கழிச்சும் அங்கங்கே கலர் தெரிகிறது. பெரும்பகுதி போய்விட்டது. சாந்து பெயர்ந்து விழும்போது ஓவியமும் கூடவே விழும் இல்லையா? எப்பேர்ப்பட்ட ஓவியனாக இருந்தாலும், அவன் கலருக்கு ஆயுள் அடிப்பூச்சு தாங்குகிற வரைக்கும்தான்.

ரெண்டாவது, காவலூர் வைணு பாப்பு வானாய்வகம். அங்கே இருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் வேலைக்கு வந்தது. நட்சத்திர வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவது அந்தப் பெரிய கண்ணாடி மேல் படிந்திருக்கும் அலுமினியப் படலம். ஒரு தலைமுடியின் தடிமனைப் பல நூறு பங்காகப் பிரித்தால், அதில் ஒரு பங்கு இருக்கும். நாளாக ஆக அது மங்கும். அப்போது பழைய படலத்தைக் கரைத்து எடுத்து, கண்ணாடியை நல்லா கழுவி, வெற்றிட அறைக்குள் வைத்துப் புதுப் படலத்தைப் படிய வைப்பார்கள். கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அந்த இடத்தில் படலம் சரியாகப் பிடிக்காது.

உங்க பொம்மைக்கும் இதே ரூல்தான். பிளாஸ்டிக், ரெசின் பொம்மைகள் அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வர ஒருவித வழுக்குப் பொருளைத் தடவுவார்கள். அது பொம்மை மேல மிச்சமிருந்தால், எவ்வளவு காஸ்ட்லி ப்ரைமரும் வேஸ்ட். பாத்திரம் தேய்க்கும் லிக்விட், பழைய டூத் பிரஷ், வெதுவெதுப்பான தண்ணி... தேய்ச்சுக் கழுவிக் காயவிடுங்க. செலவு கிட்டத்தட்ட ஜீரோ!

எந்த பொம்மைக்கு எது?

கடையில் போய் "நல்ல ப்ரைமர் கொடுங்க" என்று மட்டும் கேட்காதீங்க. பொம்மை எதில் செய்தது என்று முதலில் பாருங்க.

பிளாஸ்டிக், ரெசின்: பிளாஸ்டிக்குக்கு ஏற்றது என்று லேபிளில் போட்டிருக்கும் ஸ்பிரே ப்ரைமர். அமுக்கினால் வளையும் மெத்து பொம்மை என்றால் ஜாக்கிரதை. சில ஸ்பிரேக்கள் அதன் மேல காயாமல் பிசுபிசுன்னே நிற்கும். பாதத்துக்கு அடியில் துளி அடித்து, மறுநாள் தொட்டுப் பாருங்க.

த்ரீ-டி பிரின்ட்: லேப்பில் பிரின்ட் எடுத்த உருவத்தில் வரி வரியாகக் கோடு தெரியும். அதை மூட ஃபில்லர் ப்ரைமர் உதவும். உடம்புக்கு, அங்கிக்கு ஓகே. முகத்தில் அடித்தால் கோட்டோடு சேர்த்துக் கண்ணையும் மூக்கையும் மூடிவிடும்.

சுட்ட மண்: தண்ணியைக் குடிக்கிற சாதி. பூசும் கலரையும் உறிஞ்சிடும். ஆர்ட் கடையில் கிடைக்கும் ஜெஸ்ஸோவைத் தண்ணி கலந்து மெல்லிசாக ரெண்டு கோட் கொடுங்க. மண்ணுக்குள் ஈரம் இருந்தால் பூச்சு பின்னாடி கொப்பளிக்கும், அதனால் முதலில் நல்லா உலரணும்.

காகிதக்கூழ்: இதுக்கும் ஜெஸ்ஸோதான். ஆனா, ஒரே தடவையில் ஈரமாக அப்பினால் கூழ் ஊறி உப்பிடும். மெல்லிசா அடிச்சு, காயவிட்டு, அப்புறம் அடுத்த கோட்.

தெர்மாகோல்: கீழ்சானிப்பட்டு கற்திட்டைகளை டிபார்ட்மென்ட் எக்ஸிபிஷனுக்கு மாடலாகச் செய்கிறீங்கன்னு வைங்க. பாறைக்குத் தெர்மாகோலைத்தான் வெட்டுவீங்க. அதன் மேல ஸ்பிரே டப்பாவை நேரடியாகத் திருப்பினால், உள்ளே இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்னுடும். உங்க கற்திட்டை கண்ணெதிரே குழி குழியாகும்! முதலில் தண்ணியில் கரையும் அக்ரிலிக்கை பிரஷ்ஷால், ஒரு இடம் விடாமல் பூசுங்க.

சுவர் ப்ரைமர் வீட்டில் மிச்சம் இருக்கே என்று கேட்கிறீங்களா? அது சுவருக்கு. குட்டி பொம்மையில் அடித்தால் விரல் இடுக்கெல்லாம் அடைச்சிடும்.

எல்லாத்துக்கும் ஒரே அடிப்பூச்சு கிடையாது என்பது பொம்மைக் கலைஞர்களுக்குப் பழைய பாடம். ஆந்திராவின் கொண்டபல்லி மரப் பொம்மையில் புளியங்கொட்டைப் பசையும் மரத்தூளும் கலந்த மாவை வைத்து உருவத்தைச் சரிசெய்து, சுண்ணாம்பு பூசி, அதன் பிறகே கலர். கர்நாடகாவின் சென்னபட்டணத்திலோ சுண்ணாம்பே வேண்டாம். கடைசலில் சுற்றும் மரத்தில் கலர் அரக்கை அழுத்த, உரசுகிற சூட்டில் அது உருகி ஒட்டிக்கொள்ளும்.

வெள்ளையா, கறுப்பா?

மஞ்சள், சிவப்பு மாதிரி பளிச் கலர் என்றால் வெள்ளை ப்ரைமர். கவசம், வாள் மாதிரி உலோக கலருக்குக் கறுப்பு. எதுன்னு முடிவு பண்ண முடியலையா? சாம்பல் வாங்குங்க. சட்டை மடிப்பு, முக வெட்டு எல்லாம் அதில்தான் தெளிவாகத் தெரியும்.

வானிலை அறிக்கை

ஜமுனாமரத்தூரில் பனி மூடின காலை நேரம் போட்டோவுக்கு சூப்பர், ஸ்பிரேவுக்கு எமன். கரைப்பான் ஆவியாகும்போது பொம்மையின் மேற்பரப்பு சில்லிடும். காற்றில் இருக்கும் ஈரம் அதில் படியும். ப்ரைமர் மங்கி வெள்ளை பூத்த மாதிரி ஆகிடும். அதே டப்பாவை வேலூர் மத்தியான வெயிலில் அடித்தால், துளி பொம்மைக்குப் போய்ச் சேர்வதற்குள் காற்றிலேயே காய்ந்து, மணல் தூவின மாதிரி நிற்கும். வெயிலும் பனியும் இல்லாத நேரமாகப் பார்த்து, காற்றோட்டமான இடத்தில், மாஸ்க் போட்டுக்கொண்டு, 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி நின்று, சர்ர்ரென்று மெல்லிசாக அடிங்க. மழைக்காலமா? ஸ்பிரேவை விட்டுட்டு பிரஷ்ஷை எடுங்க.

சரியாகப் பிடித்ததா என்று பார்க்க, நம்ம லேப் டெஸ்ட் ஒண்ணு இருக்கு. ஒரு நாள் காயவிட்டு, அடிப்பாகத்தில் பிளேடால் சின்னச் சின்னக் கட்டம் கீறுங்க. டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்க. கட்டம் டேப்போடு வந்தால் ப்ரைமர் ஃபெயில். முகத்துக்குக் கலர் அடிப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

இது மட்டும் சீரியஸ்

மேலே சொன்ன எல்லாம் புது பொம்மைக்கு. பரணில் இருக்கும் பாட்டி காலத்துக் கொலு பொம்மையை எடுத்து வைத்துக்கொண்டு ஆரம்பிச்சிடாதீங்க. கழுவாதீங்க. டேப் ஒட்டவே கூடாது. பழைய பொம்மையின் அடிப்பூச்சு பசையில் குழைத்த வெள்ளைப் பொடியாக இருக்கலாம். தண்ணி பட்டால் அது இளகி, மேலே இருக்கும் முகத்தோடு கழன்று வரும். அந்தக் கண்ணை வரைந்த கை இன்னொரு தடவை வந்து வரையாது. காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டுங்க, நாலு பக்கமும் போட்டோ எடுங்க. கலர் உதிர ஆரம்பித்திருந்தால், பண்ருட்டி, காஞ்சிபுரம், மதுரை விளாச்சேரி என்று தொழில் தெரிந்தவர்கள் இருக்கும் ஊருக்கு எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க.

எங்க வீட்டுச் செட்டியார் பொம்மைக்கு ஒரு கண் மங்கிடுச்சு. "நீதான் இன்ஜினீயரிங் படிக்கிறியே, சரி பண்ணேன்டா" என்று அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க. அது மங்கியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். எங்க பாட்டி பார்த்துப் பார்த்து அடுக்கின செட்டியாருக்கு இருந்த கண் அது.

உங்க கிரிக்கெட் டீமை மட்டும் இந்த ஞாயிற்றுக்கிழமை சோப்பு போட்டுக் குளிப்பாட்டுங்க. மேட்ச் அங்கேதான் ஆரம்பம்!